காப்பி இலையில் ஒரு துரு: மார்ஷல் வார்டின் வாழ்வும் பணியும்



பாம்பன் என்றவுடன் உங்களுக்கு நினைவுக்கு வருவது இருப்புப்பாதைப் பாலமாகத்தான் இருக்கும். அந்தப் பாலம் முதன்முதலில் திறக்கப்பட்டது 1914-ஆம் ஆண்டில். அதற்கு முன்னரும் இந்தக் கரையிலிருந்து இலங்கைக்கு மக்கள் சென்றுகொண்டேயிருந்தார்கள். பாம்பன், தேவிபட்டினம், தொண்டி, அம்மாபட்டினம் ஆகிய துறைகளில் பாய்மரத் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளையையும் கண்டியையும் நோக்கி நடந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளைச் சேர்ந்த ஏழை உழவர்கள். வழியில் பசியாலும் விஷபேதியாலும் மாண்டவர் பலர். அவர்கள் சென்றது தேயிலை பறிக்க அன்று. காப்பிப் பழம் பறிக்க. 'கோப்பிக் காலம்' என்று இலங்கைத் தமிழர் இன்றும் அந்த நாளைக் குறிப்பிடுவர்.

அந்தக் கோப்பிக் காலம் ஏன் முடிந்தது? மலைச்சரிவெங்கும் நின்ற காப்பிச் செடிகள் ஒரு தலைமுறைக்குள் மறைந்து, அவற்றின் இடத்தில் தேயிலை எவ்வாறு வந்தது? இந்த வினாக்களுக்கு விடை கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய பூஞ்சையில் அடங்கியிருக்கிறது. அப்பூஞ்சையின் வாழ்க்கையை முதன்முதலில் ஐயந்திரிபறக் கண்டு சொன்னவர் ஹாரி மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர். அவருடைய வரலாற்றையும், அவர் கண்ட உண்மையையும், அந்த உண்மை நம் கடற்கரை மக்களின் வாழ்வைத் தொட்ட விதத்தையும் இன்று காண்போம்.

வார்டு 1854-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஹெரிபோர்டு நகரில் பிறந்தார். தந்தையார் இசைவாணர், செல்வர் அல்லர். குடும்ப நிலை காரணமாகப் பதினான்கு வயதளவில் பள்ளிப் படிப்பு நின்றது. ஆயினும் மாலை வகுப்புகளில் சேர்ந்து தாமே முயன்று கற்றார். 1874-75-இல் இலண்டன் தென் கென்சிங்டனில் பேரறிஞர் ஹக்ஸ்லி நடத்திய உயிரியல் வகுப்பு அவருக்குக் கிட்டியது. ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென ஏற்பட்ட வகுப்பு அது. புத்தகத்தை ஒப்பிப்பதை விடுத்து, மாணவன் தானே அறுத்துப் பார்த்து, நுண்ணோக்கியில் கண்டு, கண்டதை வரைந்து கற்கும் முறை அங்கே கையாளப்பட்டது. வார்டின் பிற்கால வெற்றி அனைத்துக்கும் இப்பயிற்சியே அடிப்படை எனலாம். பின்னர் மான்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரியிலும், 1876 முதல் கேம்பிரிட்ஜில் கிரைஸ்ட்ஸ் கல்லூரியிலும் பயின்று, 1879-இல் முதல் வகுப்பில் தேறினார். ஜெர்மனிக்குச் சென்று ஜூலியஸ் சாக்ஸ் என்னும் தாவர உடலியல் மேதையிடமும் சிறிது காலம் பணிபுரிந்தார். இந்நிலையில்தான் இலங்கையிலிருந்து அழைப்பு வந்தது.

அழைப்பின் காரணத்தை அறிய நாம் பத்தாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1869-ஆம் ஆண்டில் இலங்கையின் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சட் செம்மை நிறமான பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. அவ்விலைகள் உதிர்ந்தன. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவரான துவெயிட்ஸ் என்பார் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சையியலில் வல்லவரான பெர்க்கிலி பாதிரியார் அவற்றைச் சோதித்து, இது முன்னர் எவரும் விவரித்திராத ஒரு பூஞ்சை என்று கண்டு, அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். முதற்சொல்லுக்குப் பாதி வழவழப்பானது என்பது பொருள். அப்பூஞ்சையின் சிதல் ஒரு புறம் வழவழப்பாகவும் மறுபுறம் முட்கள் செறிந்தும் இருப்பதால் அப்பெயர். இரண்டாம் சொல்லுக்குப் 'பாழாக்குவது' என்று பொருள்.

பெயர் பொருத்தமாகவே அமைந்தது. சில ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அனைத்திலும் நோய் பரவிற்று. 1870களில் தென்னிந்தியத் தோட்டங்களிலும் தலைகாட்டிற்று. நோய் தோன்றுமுன் ஏக்கருக்குச் சராசரி நாலரை அந்தர் காப்பி விளைந்தது. அந்தர் என்பது 112 ராத்தல். பத்தாண்டுக்குள் அது இரண்டு அந்தராகக் குறைந்தது. ஆயினும் அக்காலத்துக் காப்பி விலை உயர்ந்திருந்தமையால், முதலாளிகள் குறைந்த விளைச்சலை ஈடுசெய்ய மேலும் மேலும் காட்டை அழித்துக் காப்பியையே நட்டனர். 1870களின் இறுதியில் சுமார் 2,75,000 ஏக்கரில் காப்பி நின்றது. நோய்க்கு உணவு பெருகிற்று என்பதைத் தவிர வேறு பயன் அதனால் விளையவில்லை.

நோயின் காரணத்தைப் பற்றியோ கருத்து வேற்றுமைகள் பல. மண் சாரமிழந்துவிட்டது என்றனர் சிலர். செடி மூப்படைந்துவிட்டது என்றனர் சிலர். எருவின் குறை, மழையின் மிகுதி என்று காரணம் காட்டியோரும் உண்டு. இவர்கள் எல்லோரும், செடி முதலில் நலிகிறது, நலிந்த செடியின்மீது பூஞ்சை பிறகு வந்து ஒட்டுகிறது என்றே எண்ணினர். பூஞ்சைதான் காரணம் என்று ஒப்பியவர்களுக்குள்ளும் அது செடியின் மேற்புறத்தில் நூல்போற் படர்ந்து வாழ்கிறது என்ற கருத்து நிலவியது. அதை அழிக்கச் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்து தூவினர். பயன் நிலைக்கவில்லை.

1880-ஆம் ஆண்டில் அரசாங்கப் பூவாத் தாவர ஆய்வாளராக நியமனம் பெற்று வார்டு இலங்கை சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. அவருக்கு அளிக்கப்பட்ட காலம் ஈராண்டு. நோயைக் கண்டு, காரணத்தைத் தேர்ந்து, அதன்பின் தீர்க்கும் வழியை எண்ண வேண்டும் என்பது மருத்துவத்துக்கு வள்ளுவர் வகுத்த முறை. வார்டும் அம்முறையிலேயே சென்றார். ஒவ்வொரு படியாக அவர் செய்தவற்றைக் கேளுங்கள்.

முதலாவதாக, செம்மஞ்சள் பொடி யாது என்று ஆராய்ந்தார். அப்பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு சிதல். சிதல் என்பது பூஞ்சைக்கு விதை போன்றது. ஒரு சிறு புள்ளியிலேயே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சிதல்கள் இருக்கக் கூடும் என்று மதிப்பிட்டார். அவற்றை நீர்த்துளியில் இட்டு நுண்ணோக்கியின்கீழ்ப் பார்த்தார். ஒரு நாளுக்குள் சிதலிலிருந்து மெல்லிய முளைக்குழாய் ஒன்று நீண்டது. நீரின்றி உலர்ந்த கண்ணாடியில் இட்ட சிதல் முளைக்கவில்லை.

இரண்டாவதாக, நோயற்ற காப்பி இலையின் அடிப்புறத்தில் சிதல்களை நீர்த்துளியுடன் இட்டார். முளைக்குழாய் இலைப்பரப்பில் ஊர்ந்து சென்று, இலை சுவாசிக்கும் துளையொன்றைக் கண்டு, அதன் வழியே உள்ளே நுழைந்தது. உள்ளே சென்றபின் கிளைத்து இழைகளாகப் படர்ந்தது. இலையின் உயிரணுக்களுக்குள் சிறு உறிஞ்சுறுப்புகளைச் செலுத்தி அவற்றின் உணவைக் கவர்ந்தது. ஏறத்தாழ இரு வாரங்கள் சென்றபின், எங்கே சிதல் இடப்பட்டதோ அங்கே செம்மஞ்சள் புள்ளி தோன்றியது. சிதல் இடப்படாத இலைகள் நலமாகவே நின்றன. ஒரே செடி, ஒரே மண், ஒரே எரு. வேறுபாடு சிதல் ஒன்றுதான். ஆகவே நோய்க்குக் காரணம் மண்ணோ எருவோ மூப்போ அன்று. பூஞ்சையே என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்து ஒப்பிடும் இம்முறையை மாணவர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். உங்கள் சோதனைச்சாலையில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் இதுவே இலக்கணம்.

மூன்றாவதாக, நோய் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு எவ்வாறு செல்கிறது என்று அறிய விரும்பினார். கண்ணாடித் தகடுகளில் ஒட்டும் தன்மையுள்ள கிளிசரின் பூசித் தோட்டங்களில் காற்றின் எதிரே நிறுத்தி வைத்தார். பின்னர் எடுத்துப் பார்த்தபோது அவற்றில் சிதல்கள் ஒட்டியிருந்தன. சிதலைத் தூக்கிச் செல்வது காற்று. அதனை முளைக்கச் செய்வது மழைநீர். பருவக்காற்று வீசி மழை பெய்தபின் நோய் ஏன் கடுமையாகிறது என்பது இதனால் விளங்கிற்று. காற்றில் மிதக்கும் சிதல்களைத் தகட்டில் பிடித்து எண்ணும் முறை இன்று உலகெங்கும் பயிர் நோய்களை முன்னறியப் பயன்படுகிறது.

நான்காவதாக, இலை நோய் ஏன் விளைச்சலைக் குறைக்கிறது என்பதை விளக்கினார். பூஞ்சை பழத்தைத் தின்பதில்லையே என்று கேட்டவர்கள் இருந்தனர். இலை செடியின் சமையற்கூடம் அன்றோ? வெயிலின் துணைகொண்டு அங்கேதான் உணவு ஆக்கப்படுகிறது. இலை உரிய காலத்துக்கு முன் உதிர்ந்துவிட்டால் செடி பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் செடியில் புதுக் கிளையும் இல்லை. கிளை இல்லையேல் அடுத்த ஆண்டுப் பழமும் இல்லை.

செடியின் மேற்புறத்தில் படரும் நூல்கள் என்று பிறர் காட்டியவை இப்பூஞ்சையைச் சேர்ந்தவையல்ல என்பதையும் அவர் மெய்ப்பித்தார். ஆகவே சுண்ணாம்பும் கந்தகமும் ஏன் பயன்படவில்லை என்பதும் தெளிவாயிற்று. பூஞ்சை இலைக்குள் புகுந்தபின் வெளியே தூவும் மருந்து அதனைத் தொடாது. மருந்து இலைமீது முன்னரே படிந்திருந்து, முளைக்கும் சிதலை வாயிலிலேயே தடுக்க வேண்டும். இஃது எளிய உண்மையாக இன்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் பயிர் மருந்தின் அடிப்படை இதுதான். பிரான்சு நாட்டு மில்லார்டே என்பார் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த 'போர்டோ கலவை'யைத் திராட்சைக்கு வகுத்து வெளியிட்டது 1885-இல். வார்டு இலங்கையை விட்டுச் சென்று மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே அம்மருந்து உலகுக்குத் தெரிய வந்தது.

வார்டு தம் முடிவுகளை அறிக்கைகளாக அரசாங்கத்திடம் அளித்தார். உதிர்ந்த இலைகளை அழிக்கலாம். காற்றைத் தடுக்க மரவேலி அமைக்கலாம். காலமறிந்து மருந்து தூவலாம் என்று அவர் கூறினார். ஆனால் நோயை அடியோடு போக்கும் மருந்து ஒன்றும் தம்மிடம் இல்லை என்பதை மறைக்கவில்லை. ஒரே வகைச் செடியை இடையீடின்றி மலைமலையாக நட்டதே இந்நோய் இத்துணை வேகமாகப் பரவ வழிவகுத்தது என்பதையும் சுட்டிக்காட்டினார். தோட்ட முதலாளிகளிற் பலர் பெரிதும் ஏமாற்றமடைந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது மருந்து; கிடைத்தது விளக்கம். இங்கே நாம் சிறிது நின்று எண்ண வேண்டும். மருந்தொன்று உண்டு என்று நம்பிக்கை ஊட்டியிருந்தால் அவருக்குப் புகழும் பதவி நீட்டிப்பும் கிடைத்திருத்தல் கூடும். முதலாளிகள் மேலும் சில ஆண்டுகள் காப்பியிலேயே பணத்தைக் கொட்டியிருப்பர். அறிந்ததை அறிந்த அளவிலே சொல்லும் நேர்மை விஞ்ஞானிக்கு இன்றியமையாதது. அந்நேர்மைக்கு உரிய விலையை இருபத்தெட்டு வயதுக்குள்ளேயே கொடுத்தவர் வார்டு.

1882-இல் அவர் தாயகம் திரும்பினார். இலங்கையின் காப்பியோ மீளவில்லை. நோயுடன் விலை வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் முறிந்தது. சிலர் காப்பியை விட்டுச் சிங்கோனா மரம் வைத்தனர். அதன் விலையும் விரைவில் வீழ்ந்தது. 1867-இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரா தோட்டத்தில் சிறிய அளவிற் பயிரிட்டு வெற்றி கண்டிருந்த தேயிலையே இறுதியில் மலைநாடெங்கும் பரவிற்று. ஆங்கிலேயர் தேநீர் அருந்தப் பழகியதே இக்காப்பி நோயினால்தான் என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர்கள் சீனத் தேநீரை விரும்பி அருந்தினர். இந்நோய் மாற்றியது இலங்கையின் மலைகளையும், அங்கு உழைத்தோரின் வாழ்வையுந்தான்.

அம்மாற்றத்தைக் கேளுங்கள். காப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிக்கப்படும். ஆகையால் பாம்பன் வழியே சென்ற உழைப்பாளி, பறிப்பு முடிந்ததும் கங்காணியிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதே பெரும்பான்மை வழக்கம். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. அதற்கு ஆண்டு முழுவதும் கைகள் தேவை. பெண்களின் கைகள் சிறப்பாகத் தேவை. எனவே குடும்பத்துடன் சென்றவர்கள் அங்கேயே லயங்களில் தங்கினர். பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். ஊர் என்பது பாட்டன் சொல்லும் கதையாயிற்று. பின்னர் 1948-இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-இல் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி உடன்பாட்டின்படி பல இலட்சம் பேர் இந்தியாவுக்குரியவர் என்று பிரிக்கப்பட்டனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அம்மக்கள் மண்டபம் முகாமில் தங்கிப் பல மாவட்டங்களுக்குச் சென்றனர். இவை அனைத்துக்கும் ஒரு பூஞ்சையே பொறுப்பு என்று சொல்வது மிகை. அரசியலும் சட்டமும் மனிதர் செய்தவை. ஆயினும் பருவத்துக்குப் போய்வந்தவர்கள் நிலையாகக் குடியேறியவர்களானதற்கு அத்துரு ஒரு பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை.

வார்டின் பிற்கால வாழ்வையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1885-இல் இந்தியக் காடுகளுக்கு அலுவலரைப் பயிற்றுவித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். அவரிடம் பயின்றோர் நம் நாட்டுக் காடுகளில் பணிபுரிந்தனர். அவரையின் வேர்முண்டுகளையும், அல்லிச் செடியின் நோயையும், இஞ்சிப் பானத்தைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் கூட்டு வாழ்வையும், கதிரவன் ஒளி நுண்ணுயிர்களைக் கொல்வதையும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1888-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார்; 1893-இல் அதன் பதக்கம் பெற்றார். 1895-இல் கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியர் பதவி அவரை அடைந்தது. அங்கே புதிய தாவரவியற் கூடம் ஒன்று 1904-இல் திறக்கப்பட்டது. இறுதி ஆண்டுகளில் மீண்டும் துருவையே ஆராய்ந்தார். இம்முறை புல்வகைகளின் துரு. ஒருவகைப் புல்லில் பழகிய பூஞ்சை இடைப்பட்ட ஒரு புல்லைப் பாலமாகக் கொண்டு வேறுவகைப் புல்லுக்குத் தாவும் என்று அவர் கருதினார். பின்வந்தோர் ஆய்வு அக்கருத்தைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. பேரறிஞரின் கருத்தாயினும் சோதனைக்கு உட்பட்டதே என்பதற்கு இதுவும் ஒரு சான்று. 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், தம் 52-ஆம் வயதில், அவர் காலமானார்.

அவர் தொடங்கிய வழி நின்றுவிடவில்லை. நோயைத் தாங்கும் தன்மை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதுபோல் விதை வழியே வருகிறது என்பதை, கோதுமைத் துருவைக் கொண்டு பிபன் என்பார் அதே கேம்பிரிட்ஜில் 1905-இல் காட்டினார். நம் நாட்டில் 1925-இல் மைசூர் நாட்டுப் பாலெஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அங்கே மேய்ன் என்பவர், காப்பித் துருவில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு என்று 1930களில் கண்டார். ஒரு செடி ஓர் இனத்தைத் தாங்கி மற்றோர் இனத்துக்குப் பணிந்துவிடும் புதிர் இதனால் அவிழ்ந்தது. துருவைத் தாங்க வல்ல வகைகளைத் தேர்ந்து வளர்த்தமையால்தான் குடகிலும் சேர்வராயன் மலையிலும் பழனிமலைச் சரிவுகளிலும் இன்றும் காப்பி விளைகிறது. பூஞ்சையும் ஓயவில்லை. 1970-இல் பிரேசிலை அடைந்தது. 2012-13-இல் நடு அமெரிக்க உழவரைப் பெரிதும் வருத்தியது. 2020-இல் ஹவாய்த் தீவிலும் காணப்பட்டது. பயிர் நோயியல் முடிந்துபோன கதையன்று; இன்றும் ஆட்கள் தேவைப்படும் துறை. நம் தமிழ்நாட்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தொ. சீ. சதாசிவன் பருத்தியின் வாடல் நோயை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்துறைக்கென மாணவர்களை ஆண்டுதோறும் ஆயத்தம் செய்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். மண்டபத்தில் முன்னாளில் இலங்கை செல்லும் தோட்டத் தொழிலாளரை நிறுத்தி, தொற்றுநோய் உண்டா என்று சோதித்தே அனுப்பினர். செடிகளையும் அவ்வாறே சோதிக்க வேண்டும் என்னும் கருத்தோடு இந்தியாவில் அழிவுப் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது 1914-இல். பாம்பன் பாலம் திறந்த அதே ஆண்டில். வெளிநாட்டிலிருந்து ஒரு நாற்றையோ விதையையோ ஆசையாகப் பையில் போட்டுக்கொண்டு வருவது சிறு குற்றமாகத் தோன்றலாம். அதன் இலையடியில் ஒட்டியுள்ள பொடியைக் கண்ணால் காண இயலாது என்பதை மறவாதீர்கள்.

நம் பக்கத்தில் காப்பி இல்லை. நிலக்கடலை உண்டு, அதற்கும் துரு உண்டு. அடுத்த முறை கடலைக் கொல்லையைக் கடக்கும்போது, இலை ஒன்றைப் பறித்து அதன் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். செம்பழுப்பான சிறு கொப்புளங்கள் இருந்தால், விரலால் தடவிப் பொடியை ஒரு கண்ணாடித் துண்டில் ஏற்றி, பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் வையுங்கள். எத்துணைச் சிதல்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எந்நாளில், மழைக்கு எத்தனை நாள் கழித்துப் பறித்த இலை என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.